அரிப்புக் கரையில் ஒரு தேசாதிபதி மாளிகை

மன்னார்த் தீவை இலங்கைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கடந்து, வங்காலை வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லும் பாதை, உவர் நிலங்களையும் வயல்களையும் பனங்கூடல்களையும் ஊடறுத்து அரிப்பு என்னும் சிற்றூரை அடைகிறது. அருவியாறு கடலோடு கலக்கும் பகுதிக்கு அண்மையில் அமைந்த மீனவர் ஊர் அது. அவ்வூரின் கடற்கரையில், தாழ்வான மண்மேடு ஒன்றின் விளிம்பில், மேற்றளம் இழந்த ஒரு கட்டடம் தனித்து நிற்கிறது. பருத்த தூண்கள் சில. பிளவுண்ட சுவர்கள் சில. சாளரம் இருந்த இடத்தில் வானம். அறை இருந்த இடத்தில் கடல். அதைக் காணச் செல்பவர் ஊராரிடம் வழி கேட்டால், “அல்லி ராணி கோட்டையா?” என்று திருப்பிக் கேட்பார்கள். வரலாற்று ஏடுகளோ அதனை ‘டோரிக்’ மாளிகை என்று குறிக்கின்றன. பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் முதல் தேசாதிபதியாய் இருந்த பிரெடரிக் நோர்த் என்பார், 1801ஆம் ஆண்டுக்கும் 1804ஆம் ஆண்டுக்கும் இடையில், தாம் வந்து தங்குவதற்கெனக் கட்டுவித்த மாளிகை அது.

ஒரு நாட்டை ஆண்டவர் வாழ்ந்த வீட்டைப் பேணிக் காத்து, வருவோர்க்குத் திறந்து காட்டுவது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அவர் எழுதிய மேசை, படுத்த கட்டில், படித்த நூல் ஆகியவற்றைக் காண மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். அரிப்பு மாளிகையில் அத்தகைய மேசையும் இல்லை, கட்டிலும் இல்லை. தொல்பொருட் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற சின்னம் என்ற நிலை அதற்கு உண்டு. ஆயினும் அலை சட்டத்துக்கு அடங்குவதன்று. கடல் மேட்டை அரித்து வர, மாளிகையின் கடற்பக்கம் பெரும்பாலும் சரிந்து போயிற்று. எஞ்சியதைக் காப்பதா, விட்டுவிடுவதா? காப்பதானால், யாரை நினைந்து காப்பது? இக்கேள்விகளுக்கு விடை காண, அம்மாளிகை எழுந்த கதையை முதலில் அறிதல் வேண்டும்.

பிரெடரிக் நோர்த் 1798ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தரிடமிருந்து இத்தீவின் கரையோரப் பகுதிகளை ஆங்கிலேயர் கைப்பற்றி அப்போது இரண்டு ஆண்டுகளே கழிந்திருந்தன. நோர்த் கிரேக்க மொழியிலும் கலையிலும் பெருங்காதல் கொண்டவர். பிற்காலத்தில், 1824இல், கோர்பு என்னும் கிரேக்கத் தீவில் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவி, பண்டைக் கிரேக்கர் அணிந்தது போன்ற அங்கி தரித்து அதன் தலைமைப் பதவியில் அமர்ந்தவர். அத்தகையவர் மன்னார்க் கடலோரத்தில் ஒரு வீடு எழுப்ப எண்ணியபோது, கிரேக்கரின் தூண் முறைகளுள் பழமையானதும் எளிமையானதுமான டோரிக் முறையை மேற்கொண்டதில் வியப்பில்லை. மாளிகையின் அமைப்பையும் அவரே வகுத்தார் என்பர்.

அக்காலத்தில் கொழும்பில் படைவீரர்க்குச் சமயகுருவாய் இருந்த ஜேம்ஸ் கோடினர், 1807இல் வெளிவந்த தமது இலங்கை வருணனை நூலில் இம்மாளிகையை விரித்துரைத்துள்ளார். இத்தீவில் உள்ள கட்டடங்களுள் அழகால் முதலிடம் பெறத்தக்கது இதுவே என்பது அவர் கருத்து. கீழ்த்தளத்தில் உதவியாளர்க்குரிய சிறு அறைகள். மேல்தளத்தில் தேசாதிபதியின் படுக்கையறையும் விருந்து மண்டபமும். அதற்கும் மேலே தட்டையான மொட்டைமாடி. கடலிற் செல்வோர்க்குத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டும் வெண்ணிறக் கட்டடமாக அது திகழ்ந்தது. காடும் மணலும் உவரும் சூழ்ந்த அந்த இடத்தில், ஆளுநர் ஒருவர் இத்தனை செலவிட்டு வீடு கட்டியதன் காரணம் என்ன? மாடியில் நின்று மேற்கே பார்த்தால் அதற்கு விடை கிடைத்துவிடும். அரிப்புக்கு எதிரே, கடலுக்கு அடியில், முத்துச் சிப்பிகள் கிடந்தன.

மன்னார் வளைகுடாவின் முத்து மிகப் பழமையான புகழ் உடையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், பாண்டிநாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிப்பித்த செய்தியைக் கூறுகிறது. முத்தின் ஒளியைப் பாடினோர் பலர். அதை எடுத்தவர் நிலை இன்னதென்று அந்த ஒரு குறிப்பே காட்டிவிடுகிறது. பாண்டியருக்குப் பின் யாழ்ப்பாண அரசர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என இக்கடலின் வருவாயைத் தமதாக்கிக்கொண்டவர் பலர். அரிப்பிலேயே போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைக்கொண்ட சிறு கோட்டை ஒன்று உண்டு. கண்டி அரசனின் காவலில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், காடு கடந்து தப்பி 1679ஆம் ஆண்டு ஒக்டோபரில் வந்து சேர்ந்தது இந்த அரிப்புக் கோட்டையில்தான். அவருக்கு விடுதலையின் வாயிலாய் விளங்கிய அதே கரைக்கு, வேறு பலர் ஆண்டுதோறும் வயிற்றுப் பாட்டுக்காக வந்து மூச்சை அடக்கினார்கள்.

முத்துக்குளிப்புக்குச் சிலாபம் என்பது பழைய பெயர். அரிப்பை அடுத்துள்ள சிலாவத்துறையின் பெயரிலும் அச்சொல்லே ஒலிக்கிறது என்பர். மாசி, பங்குனி மாதங்களில் கடல் அமைதியுறும்போது சிலாபம் கூடும். அதுவரை வெறும் மணலாய்க் கிடந்த கரையில் ஓலைக் கொட்டில்களும் கடைவீதிகளும் ஒரு நகரம் போலத் தோன்றும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடிக் கரையிலிருந்தும் தமிழ்நாட்டுப் பரதவரும் முஸ்லிம்களும் வருவர். மலையாளக் கரையிலிருந்து வருவர். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும் வருவர். அவர்களைத் தொடர்ந்து வணிகர், தரகர், தட்டார், முத்துத் துளையிடுவோர், கழைக்கூத்தாடி, பிச்சைக்காரர் என எல்லோரும் வந்து சேர்வர்.

இரவில் கரையிலே பீரங்கி முழங்கும். தரைக்காற்றைப் பாயில் வாங்கிக்கொண்டு வள்ளங்கள் புறப்படும். கடலடியில் சிப்பி செறிந்த பாறைத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். பெரியபார், செவல்பார் என்பன அவற்றுட் சில. விடியும்போது வள்ளங்கள் பாரின்மேல் நிற்கும். சூரியன் எழுந்ததும் குளிப்பு தொடங்கும். கூம்பு வடிவாய்ச் செதுக்கிய கனத்த கல் ஒன்றைக் கயிற்றிற் கட்டித் தொங்கவிடுவர். குளிப்பவர் அக்கல்லின்மேல் ஒரு காலை ஊன்றி, வலைப்பையைத் துணையாகக் கொண்டு, மூச்சை நிறைய இழுத்து, மூக்கைப் பொத்திக்கொள்வார். கல் அவரை ஐந்து பாகம், எட்டுப் பாகம், பத்துப் பாகம் வரையும் ஆழத்துக்கு இழுத்துச் செல்லும். ஒரு நிமிடமோ, அதற்குச் சற்று மேலோதான் அவருக்குள்ள நேரம். அதற்குள் கைக்கு எட்டியதை வாரிப் பையிலிட்டுக் கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுத்தெடுப்பார். கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராய் இருத்தல் வேண்டும் என்பது தமிழ்க் கடற்கரையில் வழங்கும் பேச்சு. தன் உடன்பிறந்தாளின் தாலியை எண்ணியேனும் அவர் கண் அயரமாட்டார் அன்றோ!

இவ்வாறு ஒருவர் ஒரு நாளில் நாற்பது முறை வரையிலும் மூழ்கி எழுவார். சுறாவுக்கு அஞ்சி, அதன் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவரெனக் கருதப்பட்ட கடற்கட்டிகளை அமர்த்துவதும் வழக்கமாய் இருந்தது. அரசாங்கமே அவர்களுக்குக் கூலி கொடுத்தது; மந்திரத்தில் நம்பிக்கை இருந்ததனால் அன்று, மந்திரக்காரர் இன்றிக் குளிப்பவர் கடலில் இறங்கமாட்டார் என்பதனால். நண்பகலில் கடற்காற்று எழும்பும்போது குளிப்பை நிறுத்துமாறு மீண்டும் பீரங்கி ஒலிக்கும். வள்ளங்கள் கரைக்குத் திரும்பும். சிப்பிகளைக் குவியல் குவியலாய்க் கொட்டி ஏலம் விடுவர். வாங்கியவர் அவற்றை அழுக வைத்து, புழுவும் ஈயும் மொய்க்க, கழுவிக் கழுவி முத்தைத் தேடுவர். அந்த நாற்றம் கரையெங்கும் பரவும். வாந்திபேதி பரவி ஆட்கள் இறந்த ஆண்டுகளும் உண்டு.

இனி வருவாயை நோக்குக. 1804ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பை யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வணிகர் ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். 150 வள்ளங்களைக் கொண்டு 30 நாள் குளிக்கும் உரிமைக்கு அவர் ஒப்புக்கொண்ட தொகை 1,20,000 பவுண் என்று கோடினர் எழுதுகிறார். ஆங்கிலேயர் கைப்பற்றிய 1796ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளிலும் இவ்வாறே பெருந்தொகை கிடைத்தது. எனவே, தேசாதிபதி தாமே வந்திருந்து மேற்பார்வை செய்வதற்கு ஒரு மாளிகை வேண்டும் என்று கருதியது இயல்பே. கருவூலத்துக்கு வரும் செல்வத்தைக் காவல் செய்யும் உப்பரிகை என்றே அம்மாளிகையைக் கூறலாம்.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. அம்மாளிகை செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டது. அதன் தூண்களுக்குப் பளிங்கு போன்ற வெண்மையைத் தந்த பூச்சு, சிப்பி ஓட்டைச் சூளையிற் சுட்டு நீற்றிய சுண்ணாம்பால் ஆனது. முத்தை எடுத்த பின்னர் எறியப்பட்ட ஓடுகள் அக்கரையில் மேடு மேடாய்க் கிடந்தன. கல் கட்டிய காலோடு கடலுள் இறங்கி, மூச்சு முட்ட முட்டக் குளித்தவர் கைப்பட்டு மேலே வந்தவை அவை. முத்து வணிகரிடம் போயிற்று. வரி அரசிடம் போயிற்று. ஓடு தேசாதிபதியின் சுவரில் ஏறிற்று. மாளிகையைக் காணச் செல்பவர், எஞ்சிய பூச்சின்மேல் கையை வைத்துப் பார்த்தால், கிரேக்கக் கலையோடு கூடவே கீழக்கரைக்காரர் உழைப்பையும் தொடுகிறார். நோர்த்தின் பெயரைக் கூறும் ஏடுகள் எத்தனையோ உண்டு. குளித்தவர் பெயரைக் கூறும் ஏடு அரிது. அவர்களுக்கு எஞ்சியிருக்கும் சாசனம் இந்தச் சுண்ணாம்புதான்.

கட்டியவர் அம்மாளிகையை நெடுநாள் அனுபவித்தாரும் அல்லர். 1803இல் கண்டி அரசின்மேல் தொடுத்த போர் அவருக்குப் பெருந்தோல்வியாய் முடிந்தது. மாளிகை நிறைவெய்திய மறு ஆண்டே, 1805ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அவர் பதவி நீங்கினார். பாரும் அவரோடு ஒத்துழைக்கவில்லை. அளவின்றிக் குளித்ததாலும், கடலின் இயல்பாலும் சிப்பிகள் அருகின. 1838 முதல் 1854 வரை முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. பின்னர் மீண்டும் வளம் தோன்றி, 1905இல் மிகப் பெரிய சிலாபம் ஒன்று கூடியது. மறு ஆண்டில் அரசாங்கம் முத்துப் பார்களைத் தனியார் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. சிப்பி வளம் சில ஆண்டுகளிலேயே குன்ற, அந்த ஏற்பாடும் முறிந்தது. அந்த 1906ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டிச் சிலாபத்தில் பணியாற்றிய இளம் அதிகாரி லியனார்ட் வூல்ஃப், பின்னாளில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்த எழுத்தாளராய்ப் புகழ்பெற்றவர். ஜப்பானியர் வளர்த்தெடுத்த முத்துகள் உலகச் சந்தையில் பரவியபின், மன்னார்ச் சிலாபத்தின் பழைய பெருமை திரும்பவில்லை. பயன் ஒழிந்த வீட்டைப் பராமரிப்பார் யார்? வெயிலும் மழையும் உப்புக்காற்றும் தம் வேலையைத் தொடங்கின. கடைசியாய் அலையும் வந்து சேர்ந்தது.

பிரெடரிக் நோர்த்தின் தந்தையார் நோர்த் பிரபு. 1770 முதல் 1782 வரை இங்கிலாந்தின் முதலமைச்சராய் இருந்தவர். அமெரிக்கக் குடியேற்ற நாடுகளை இழந்த அமைச்சர் என்று வரலாறு அவரை நினைவிற் கொண்டுள்ளது. அவருடைய படைகளை எதிர்த்து நின்று வென்று, பின்னர் அமெரிக்காவின் முதலாவது சனாதிபதியானவர் ஜோர்ஜ் வாஷிங்டன். பொட்டோமாக் ஆற்றங்கரையில் மவுண்ட் வெர்னன் என்னுமிடத்தில் இருந்த அவர் வீடும் ஒரு காலத்தில் அழியும் நிலையை அடைந்தது. தூண்கள் சாய, பூச்சு உதிர, அரசாங்கமும் கைவிட்டது. 1853இல் ஆற்றில் சென்ற பெண்மணி ஒருவர் அதன் சிதைவைக் கண்டு மனம் வருந்தித் தம் மகளுக்கு எழுதினார். நோயுற்ற உடலினரான அம்மகள், ஆன் பமேலா கன்னிங்ஹாம், பெண்கள் சங்கம் ஒன்றை அமைத்து, நாடெங்கும் பணம் திரட்டி, 1858இல் 2,00,000 டொலருக்கு அவ்வீட்டையும் நிலத்தையும் வாங்க ஒப்பந்தம் செய்தார். 1860 முதல் அது மக்களுக்குத் திறந்திருக்கிறது.

அவ்வீட்டின் கதையில் நமது அரிப்புக்குப் பயன்படும் பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. வாஷிங்டன் இறந்த 1799ஆம் ஆண்டில் அப்பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். வீட்டைக் காண வந்தவர்களுக்கு நெடுங்காலம் அவர்களைப் பற்றி அதிகம் சொல்லப்படவில்லை. 1929இல் அவர்களுடைய இடுகாட்டில் ஒரு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. 1983இல் உரிய நினைவுச் சின்னம் எழுந்தது. பின்னர் அவர்கள் வாழ்ந்த குடில்களின் அமைப்பும், செய்த தொழிலும், அவர்களுள் பலருடைய பெயர்களும் ஆராய்ந்து காட்டப்படுகின்றன. ஆண்டவரின் வீடாகப் பேணத் தொடங்கிய ஓர் இடம், அவ்வீட்டைத் தம் தோளில் தாங்கியவர்களின் வீடாகவும் மெல்ல மெல்ல மாறிற்று. இதனால் வாஷிங்டனின் பெருமை குறைந்ததா, கூடியதா என்பதை அவரவர் முடிவு செய்யலாம். உண்மை கூடியது என்பதில் ஐயமில்லை.

அத்துணைத் தொலைவுக்குச் செல்லவும் வேண்டியதில்லை. தலைமன்னாரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் தனுஷ்கோடி. அங்கிருந்து மேற்கே இராமேசுவரம். அவ்வூரின் பள்ளிவாசல் தெருவில் மற்றொரு சனாதிபதியின் வீடு இருக்கிறது. 2002 முதல் 2007 வரை இந்தியாவின் குடியரசுத் தலைவராய் இருந்த அப்துல் கலாம் 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் பிறந்து, வளர்ந்த குடும்ப வீடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டதாக அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். அரிப்பு மாளிகைக்கும் அதே பொருள்கள்தாம். கட்டிய நோக்கம் மட்டும் வேறு. அவ்வீட்டில் வாழ்ந்த அவர் தந்தையார் ஜைனுலாப்தீன் பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவர். யாத்திரிகரை ஏற்றிச் செல்லத் தோணி கட்டியவர். அத்தோணியைப் புயல் ஒன்று கொண்டுபோயிற்று. போர்க்காலத்தில், நிலையத்தில் நில்லாமற் செல்லும் இரயிலிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி விநியோகித்துத் தம் முதற் கூலியைப் பெற்ற சிறுவன்தான், பின்னர் டெல்லியின் மாளிகையில் அமர்ந்தார்.

இன்று அந்த வீடு உயர்த்திக் கட்டப்பட்டு, மாடியில் அவர் வாழ்க்கையைக் காட்டும் கூடம் அமைந்துள்ளது. புகைப்படங்களும் விருதுகளும் நூல்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. இராமநாத சுவாமியைத் தரிசிக்க வருவோர் இந்தத் தெருவுக்கும் வந்து செல்கின்றனர். 2015ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் அவர் மறைந்தபின், ஊருக்கு அண்மையில் பேய்க்கரும்பில் எழுந்த நினைவிடத்துக்கும் திரளாகச் செல்கின்றனர். அரசாங்கம் ஆணையிட்டு வருபவர்கள் அல்லர் அவர்கள். தம் வீட்டுப் பிள்ளையின் வீடு என்ற உரிமையே அவர்களை அழைத்து வருகிறது. அரிப்பு மாளிகைக்கு இல்லாதது அந்த உரிமை. அது கிரேக்க அழகு குறைந்ததனால் வீழவில்லை. தன்னுடையது என்று அதைக் கூற அக்கரையில் யாரும் இல்லாததனால் வீழ்ந்தது.

அப்படியாயின், அந்நியர் ஒருவரின் உல்லாச வீட்டைக் காக்கப் பொருள் செலவிடுவது எதற்கு என்று கேட்பவர் உண்டு. மன்னார்க் கரையில் அக்கேள்விக்குத் தனிக் கனம் இருக்கிறது. நெடிய போரில் இக்கரையின் மக்கள் இழந்த வீடுகள் எத்தனையோ. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அரிப்பை அடுத்த முசலிப் பகுதியின் ஊர்களும் வெறிச்சோடின. கத்தோலிக்கரும் இந்துக்களும் பல முறை இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்து திரும்பி வந்தவர்களுள் பலர், தம் வீடு இருந்த இடத்தில் காடு நிற்கக் கண்டார்கள். குடியிருக்கும் வீட்டுக்குக் கூரை வேண்டி நிற்பவரிடம், இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட தூணைப் பற்றிப் பேசுவது எளிதன்று. குடிமக்கள் வீடே முதலில் வரவேண்டும். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

ஆனால், வீடிழந்தவருக்கே சுவரின் பொருள் நன்கு விளங்கும். இடிந்த வீட்டின் அத்திவாரம் ஒன்றே, “இங்கு நாங்கள் வாழ்ந்தோம்” என்பதற்குச் சான்றாய் நின்ற காலம் அவர்கள் அறிந்த காலம். அரிப்பு மாளிகையும் அத்தகைய சான்றுதான். இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும், அக்கரையிலிருந்து வந்த அவர்தம் உறவினரும், கடலுள் இறங்கி உலகச் சந்தைக்கு முத்தளித்தார்கள் என்பதற்குக் கண்முன் நிற்கும் கட்டடச் சான்று அதைப்போல் வேறொன்று காண்பது அரிது. ஓலைக் கொட்டில்கள் எரிந்தன, வள்ளங்கள் உளுத்தன, கல்லும் கயிறும் போயின. மேற்பார்வை செய்தவரின் மாடி மட்டும் அரைகுறையாய் நிற்கிறது. அதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டால், உழைத்தவர் கதைக்கும் சாட்சி இன்றிப் போகும்.

செய்யத்தக்கவை பல. கடலரிப்பைத் தடுக்க மேட்டின் அடியில் கல்லடுக்கலாம். ஆயின் ஓரிடத்தில் அடுக்கிய கல் அலையின் வேகத்தை அடுத்த இடத்துக்குத் திருப்பிவிடுவதும் உண்டு. எனவே, வள்ளம் இழுக்கும் மீனவர் கரைக்குக் கேடு வராதபடி, அவர்களைக் கலந்தே அதைச் செய்ய வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கேப் ஹாட்டராஸ் என்னுமிடத்துச் செங்கற் கலங்கரை விளக்கத்தைக் கடல் நெருங்கியபோது, 1999இல் அதை முழுமையாகவே 2,900 அடி உள்ளே நகர்த்தி நிறுத்தினார்கள். சிதைந்த சுவர்களுக்கு அந்த முறை பொருந்தாது போகலாம். ஆனால் எஞ்சிய ஒவ்வொரு தூணையும் அளந்து, வரைந்து, படமெடுத்து வைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் ஓர் இரவில் தனுஷ்கோடியை விழுங்கியதை இந்த வளைகுடாவின் இரு கரைகளும் கண்டிருக்கின்றன. நாளை செய்வோம் என்று வைத்திருப்பவருக்குக் கடல் தவணை கொடுப்பதில்லை.

இவற்றோடு, காண வருவோர்க்கு மும்மொழியிலும் கதை சொல்லும் பலகை ஒன்றும், முத்துக்குளிப்பை விளக்கும் சிறிய கூடம் ஒன்றும் அவ்விடத்துக்குப் பொருந்தும். குளிப்பவர் கால் வைத்த கல்லின் மாதிரி ஒன்று, கயிறு, வலைப்பை, பார்களின் படம், இவை போதும். முதியோர் தம் பாட்டனாரிடம் கேட்ட சிலாபக் கதைகளை எழுதி வைக்கவும் அரிப்பு, சிலாவத்துறை, வங்காலைப் பள்ளிப் பிள்ளைகளால் முடியும். தூணிலே தம் பெயரைக் கீறிச் செல்லும் வழக்கத்தை அந்தப் பிள்ளைகளே முன்னின்று தடுப்பார்கள். தன் முன்னோர் கட்டிய வீடு என்று அறிந்தவர் அதன் சுவரில் ஆணி இழுப்பதில்லை.

ஊரார் வழங்கும் பெயரையும் அந்தப் பலகையில் விட்டுவிடலாகாது. அல்லி அரசாணி, தமிழ் நாட்டார் கதையில் ஆடவர்க்கு அடங்காமல் நாடாண்ட பெண். அவளுக்கும் இம்மாளிகைக்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. ஆயினும் எழுத்தறியாத எத்தனையோ தலைமுறையினர், கடலோரத்தில் அழகிய ஒரு வீட்டைக் கண்டு, இது நம் அரசியின் வீடாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். தேசாதிபதி வெளியேறிய மாளிகையில் அவளைக் குடியேற்றினார்கள். அந்த ஆசையில் ஓர் உரிமை அடங்கியிருக்கிறது. சிப்பியைக் கொணர்ந்தவர், சுண்ணாம்பை நீற்றியவர், செங்கல் சுமந்தவர் ஆகியோரின் வழிவந்தவர்களுக்கு அவ்வீட்டில் உரிமை உண்டென்பதை வரலாறும் மறுக்காது. அந்த உரிமையை அவர்கள் கையில் ஒப்படைப்பதே அம்மாளிகையைக் காக்கும் முதல் வேலை. கடலைத் தடுக்கும் கற்கள் அதன் பின்னர் வந்து சேரும்.